நின்ற கோடு காணாமல் போன துண்டுகள்

மேற்கு வாசல் சந்தை, தேகு
நவம்பர், முட்டைக்கோஸ் விலை ஏறிய வாரம்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி, ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிபர், குவோன் ஹியோக்சூ ஐயா அவர்களின் சமூகத்திற்கு,

துண்டு வியாபாரி பியோ மான்சிக் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, நெற்றி பாயில் படக் குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் என் வீட்டுக்காரியும் நலம். ஆன்தோங்கில் தாங்களும், சம்பந்தி அம்மாளும், மாப்பிள்ளையும், என் மகள் கியோங்நானும், எல்லோருக்கும் மேலாக நம் பேத்தி ஸொல்மியும் நலமாக இருக்க வேண்டும். குளிர் இறங்கிவிட்டது, தங்கள் இடது முழங்கால் எப்படி இருக்கிறது? கிம்ச்சி ஊறுகாய் போட முட்டைக்கோஸ் வாங்கியாயிற்றா? இல்லையென்றால் இந்த வாரம் வாங்க வேண்டாம், கொள்ளை விலை விற்கிறார்கள். சம்பந்தி அம்மாள் கொடுத்தனுப்பிய உப்புக் கானாங்கெளுத்தியின் கடைசித் துண்டை நேற்றுதான் பொரித்தோம். அதைச் சாப்பிடும்போது என் வீட்டுக்காரி என்னைப் பார்த்த பார்வையில் முள் தொண்டையில் சிக்கியது. மீன் கொடுத்த வீட்டையே பகைத்துக்கொண்டவனுக்கு நடுத்துண்டு எதற்கு என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

நான் வியாபாரி. எனக்கு என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேரத்துக்கு உட்காருவேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு முதல் பிறந்தநாள். "துண்டுக்காரர் விருந்துக்கு வர வேண்டாம்" என்று தாங்கள் சொன்னதாக மகள் போனில் அழுதுகொண்டே சொன்னாள். ஐயா, நான் வர வேண்டும். குழந்தை முன்னால் நூல்கண்டு, தூரிகை, அரிசி எல்லாம் பரப்பி வைத்து, எடுக்கும் பொருள்தான் அவள் எதிர்காலம் என்று சொல்லி, அவள் எதை எடுக்கிறாள் என்று எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்க்கும் அந்த நிமிஷத்தில் நானும் கழுத்தை நீட்ட வேண்டும். அதற்கு அனுமதி கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் கேட்கலாம் என்றால் என் குரல் கேட்டதும் தாங்கள் வைத்துவிடுகிறீர்கள். கம்ப்யூட்டரில் அடித்து அழகாக அனுப்பலாம் என்றால், அந்தச் சனியனில் நம் பேத்தியின் பெயரை அடிக்க முடியாது. நம் சண்டைக்குக் காரணமே அதுதான். ஆகவே கோழி கிளறியதுபோல் இருக்கும் என் சொந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எல்லாம் தங்கள் வீட்டில் குழந்தையின் நூறாம் நாள் விருந்தில் தொடங்கியது. அன்று ஊற்றிய அரிசிக் கள்ளின் மேல் பாதிப் பழியைப் போடலாம் என்று பார்த்தேன், ஆனால் வாயைத் திறந்தது நான்தான். அதற்கு முந்தின வாரம்தான் அந்த மெஷினை வாங்கியிருந்தேன். கம்ப்யூட்டரில் பெயரை அடித்தால், பக்கத்தில் இருக்கும் வெட்டு மெஷின் அந்த எழுத்துகளை வண்ணத் தாளில் வெட்டிக் கொடுக்கும். அதைத் துண்டின் ஓரப் பட்டையில் வைத்துச் சூட்டில் அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். சந்தையில் வேறு எவனிடமும் அது இல்லை. பேருந்து நிலையத்தில் தோளில் துண்டு அடுக்கிக்கொண்டு "முகம் துடை, முதுகு துடை" என்று கூவி விற்றவன் கம்ப்யூட்டர் வாங்கினால் சும்மா இருப்பானா? விருந்தில் எழுந்து நின்றேன்.

"முதல் பிறந்தநாள் துண்டு என் பொறுப்பு, சம்பந்தி! ஊருக்கே குடுப்போம்! இந்த நாட்டுல எந்தப் பேரா இருந்தாலும் என் மெஷின் போட்டுடும்!"

"எந்தப் பேரா இருந்தாலுமா?" என்று கேட்டீர்கள்.

"எந்தப் பேரா இருந்தாலும்!"

"பாத்துப் பேசுங்க. வண்டி கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே கொடியக் காட்டுறீங்க."

அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். என் சிரிப்புதான் கூடத்தில் பெரிய சிரிப்பு என்று வீட்டுக்காரி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறாள்.

துண்டு என்பது நம்மிடையே சாதாரண விஷயமா, ஐயா? ஒருவன் கடை திறந்தான், கல்யாணம் செய்தான், அறுபது முடித்தான் என்பதற்கெல்லாம் பெயர் போட்டு ஊருக்குக் கொடுக்கும் துண்டுதானே சாட்சி. எங்கள் சந்தைப் பல் டாக்டர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அவருடைய அறுபதாம் பிறந்தநாள் துண்டில்தான் இன்று காலையும் நான் முகம் துடைத்தேன். ஆள் போனாலும் துண்டில் பெயர் நிற்கிறது. அப்படியென்றால் நம் ஸொல்மியின் பெயரை ஊரே இருபது வருஷம் முகத்தில் ஒற்றிக்கொள்ளப் போகிறது. பெரிய பொறுப்பு. அந்தப் பொறுப்போடு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன்.

அறிவுக்கூர்மை என்று அர்த்தம் வரும் பழைய சொல்லைத் தாங்கள் எங்கிருந்தோ தேடி எடுத்துப் பேத்திக்குப் பெயராக வைத்தீர்கள். அதன் கடைசி எழுத்தை நான் தங்களுக்கு விவரிப்பது அதிகப்பிரசங்கித்தனம், ஆனாலும் நான் பட்ட பாடு புரிய வேண்டுமே. ஒரு பெட்டி. பெட்டிக்குக் கீழே ஒரு படுத்த கோடு. இரண்டுக்கும் பக்கத்தில் ஒரு நின்ற கோடு. அவ்வளவுதான்! மண்ணில் குச்சியால் போடச் சொன்னால் எந்தக் குழந்தையும் போட்டுவிடும். நான் பெட்டியை அமுக்கினேன், வந்தது. படுத்த கோட்டை அமுக்கினேன், சமர்த்தாகப் பெட்டிக்குக் கீழே போய்ப் படுத்தது. நின்ற கோட்டை அமுக்கினேன். அது எழுத்தோடு சேரவில்லை. துள்ளி அடுத்த இடத்துக்குப் போய், கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவன் மாதிரி தனியாக நின்றது. அழித்துவிட்டு மறுபடி அமுக்கினேன், மறுபடி துள்ளியது. கோபம் வந்து குத்தினேன். குத்திய குத்தில் ஐந்தாறு கோடுகள் வரிசையாக வந்து வேலி மாதிரி நின்றன.

வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏங்க, மெதுவா அமுக்குங்க. சம்பந்தி வீட்டு எழுத்து, மரியாதை எதிர்பார்க்குது போல" என்றாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு விரலால், பணிவாக, லேசாகத் தலையைக்கூடச் சாய்த்து அமுக்கிப் பார்த்தேன். மரியாதைக்கும் அது மசியவில்லை.

மெஷின் விற்ற தாக் என்பவரைக் கூப்பிட்டேன். விற்கும்போது கூப்பிட்டதும் ஓடி வந்தவர், இப்போது ஒரு வாரம் கழித்து வந்தார். பெயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"இந்த எழுத்து இல்ல, முதலாளி."

"இல்லன்னா? தீந்துபோச்சா?"

"தீரல. வரவே இல்ல."

"யோவ், என் பேத்தி வந்து வருஷம் ஆகப் போகுது, எழுத்து வரலைங்கிற?"

"கேளுங்க முதலாளி. நாம பெட்டி, கோடு, வட்டம்னு சேத்துச் சேத்து எழுதறோம். கம்ப்யூட்டருக்குள்ள அப்படி இல்ல. சேத்து முடிச்ச எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர். பெரியவங்க உக்காந்து, எதெது நிறையப் புழங்குதோ அதையெல்லாம் பொறுக்கி, ரெண்டாயிரத்து முந்நூத்தி அம்பது எழுத்துக்கு நம்பர் குடுத்தாங்க. மிச்ச எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு நம்பர் இல்ல. நம்பர் இல்லேன்னா அதுக்கு அப்படி ஒரு எழுத்தே இல்ல."

சம்பந்தி, இது எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று. நானும் அதைத்தானே செய்கிறேன்? எந்த அளவுத் துண்டு ஓடுமோ அதை மட்டும் வாங்கி அலமாரியில் அடுக்குவேன். யானைக்குத் துண்டு கேட்டு ஒருவர் வந்தால், இல்லை ஐயா, போய் வாருங்கள் என்பேன். அந்தப் பெரியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்கள் அலமாரி சின்னது. ஆனாலும் என் பேத்தி யானை இல்லையே! "அந்த அலமாரியில வேற என்னதான்யா வெச்சிருக்காங்க?" என்று கேட்டேன். தாக் வரிசையாகக் காட்டினார். ஆயிரக்கணக்கில் சீன எழுத்து, பாதியைப் படிக்க நாட்டில் ஆள் இல்லை. ஜப்பான் எழுத்து மொத்தமும் இருக்கிறது. ரஷ்ய எழுத்து இருக்கிறது. கிரேக்க எழுத்து இருக்கிறது. சீட்டுக்கட்டு ஸ்பேடு இருக்கிறது. ஆவி பறக்கும் வெந்நீர்க் குளியல் கூடத்துக்குத் தனி அடையாளம்கூட இருக்கிறது! நம் ஸொல்மி ரஷ்யாவில் பிறந்திருந்தால் அன்றைக்கே துண்டு தயார்.

தாக் புறப்படும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒண்ணு செய்ங்க. படுத்த கோட்டைத் தூக்கிடுங்க. பெட்டியும் நின்ற கோடும் மட்டும்னா ஸ்டாக்ல இருக்கு. வாயால கூப்பிடறப்ப ரெண்டும் ஒண்ணுதான், எவன் கண்டுபிடிக்கப் போறான்?" என்றார். மோசமான சரக்கை மலிவு விலைக்குக் காட்டினால் ஏமாறாதவன் நான் என்று சந்தையில் பெயர் எடுத்திருக்கிறேன். அன்று அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டு நேராகத் தங்களுக்குப் போன் செய்தேன்.

அந்தப் பேச்சைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், நானும் மறக்கவில்லை. அரிசிக் கள்ளும் இல்லை, காலை வேளை, தெளிவாக இருந்தேன்.

"சம்பந்தி, சின்ன விஷயம். பேத்தி பேருல ஒரு கோடு கூடுதலா இருக்கு."

"கூடுதலாவா?"

"அந்தப் படுத்த கோடு. அதை எடுத்துட்டா என்கிட்டக் கைவசம் இருக்கு. இல்லேன்னா ஒண்ணு பண்ணலாம், மெஷின்ல ஓடுற நல்ல நல்ல பேரா ஒரு லிஸ்ட் அனுப்புறேன், ஒண்ணத் தேர்ந்தெடுங்க."

தாங்கள் சம்பந்தி என்ற வார்த்தையை விட்டுவிட்டு, "பியோ ஐயா" என்று ஆரம்பித்தீர்கள். "என் வேலைக்காலம் பூரா ஸ்டேஷன்லயே இருந்தவன் நான். ரயில் நிக்காமப் போனா ரயில்காரனத்தான் கேப்பாங்க. ஸ்டேஷன் பேர மாத்துன்னு எவனும் என்கிட்டச் சொன்னதில்ல" என்று சொல்லிப் போனை வைத்தீர்கள்.

இங்கே நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுத்த வண்டி பிடித்து வந்து தங்கள் வாசலில் மண்டியிட்டிருக்க வேண்டும். செய்தது என்னவென்றால், "ஆன்தோங்காரங்க திமிர் பாரு, பத்துத் தலைமுறைப் பேரு வம்ச ஏட்டுல இருந்தா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் புலம்பினேன். இதை நான் தங்களிடம் சொல்லியிருக்கத் தேவையில்லை, எழுதிவிட்டேன், அடித்தால் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

அந்த வாரமே மகள் போன் செய்தாள். நான் சண்டையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன், அவள் விடவில்லை.

"அப்பா, பாப்பாவுக்குத் தடுப்பூசி போடப் போனேன். அட்டையில குவோன் ஸொல்னு போட்டு, பக்கத்துல ஒரு வெள்ளைக் கட்டம். நர்ஸு வெளிய வந்து, 'குவோன் ஸொல் கட்டம் பாப்பா யாரு?'ன்னு கூப்பிடுறாங்க. உக்காந்திருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்கப்பா. இதுவும் கைகொட்டிச் சிரிக்குது, அதுக்கு என்ன தெரியும்."

"அந்த ஆஸ்பத்திரி மெஷினும் அதே அலமாரிதாம்மா..."

"எனக்கு அலமாரியெல்லாம் தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் கட்டம்னு கூப்பிடுவாங்க. எங்க போனாலும் பாதிப் பேரு. தாத்தா கடைத் துண்டுலயாவது முழுப் பேரா போட்டுக் குடுங்கப்பா."

அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெட்டி, படுத்த கோடு, நின்ற கோடு எல்லாம் தட்டில் தெரிந்தன. போனில் தங்களிடம் தூக்கி எறியச் சொன்னேனே, அந்தக் கோட்டைத்தான் என் மகள் மடியில் வைத்துக்கொண்டு அழுகிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. பெயரை மாற்றும் பேச்சை அன்றே குழி தோண்டிப் புதைத்தேன். எப்படியாவது துள்ளி ஓடும் நின்ற கோட்டை அதன் இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்தேன். என் முடிவுகள் எப்படிப்பட்டவை என்று தங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

யோசனை இதுதான். நின்ற கோடு இல்லாமல் மீதிப் பெயரை மெஷின் வெட்டட்டும், சூட்டில் ஒட்டிவிடுவோம். கோடுகளைத் தனியாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் கையால் வைத்து ஒட்டுவோம். நானும் வீட்டுக்காரியும் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தோம். நான் இடுக்கியால் கோட்டை எடுத்து வைக்க, அவள் இஸ்திரிப் பெட்டியால் தொட்டுத் தொட்டு எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் அழுத்தட்டுமா?" என்று அவள் கேட்டாள். அழுத்தினால் முதலில் ஒட்டிய எழுத்துகள் கருகிவிடும் என்று பயந்து, "போதும் போதும், லேசா" என்று சொன்னது நான்தான். துண்டுத் தொழிலில் இத்தனை வருஷம் இருந்தவன் சொன்ன வார்த்தை அது! முடித்துப் பார்த்தால் என்ன அழகு, ஐயா! பெட்டி, படுத்த கோடு, நின்ற கோடு, பக்கத்தில் அழகுக்கு ஒரு கரடிக்குட்டிப் படம். வீட்டுக்காரி ஒரு துண்டை மார்பில் வைத்துக்கொண்டு பெயரைத் தடவித் தடவிப் பார்த்தாள். பெட்டியில் கட்டித் தங்களுக்கு அனுப்பினேன்.

புதுத் துண்டு முதல் துவைப்பில் பஞ்சு விடும், அலசித்தான் கொடுக்க வேண்டும் என்று சம்பந்தி அம்மாளுக்குத் தெரிந்திருக்கிறது. பெரிய தொட்டியில் வீட்டுத் துணிகளோடு சேர்த்தே போட்டிருக்கிறார்கள். மீதியை மகள்தான் சொன்னாள். தொட்டியைத் திறந்தால் துண்டில் ஒரு கோடுகூட இல்லையாம், எல்லாம் தண்ணீரில் மிதந்தனவாம். மிதந்ததோடு போகாமல், சூட்டில் பாதி உருகிய பசை இருந்ததால், தங்கள் குளிர்கால உள்காற்சட்டையில் போய் ஒட்டிக்கொண்டனவாம். "மாமா உள்காற்சட்டை வரிக்குதிரை மாதிரி இருந்துச்சுப்பா" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை, இரண்டும் கேட்டது.

பிறகு தங்களிடமிருந்து தபால் வந்தது. உள்ளே ஒரே ஒரு துண்டும் ஒரு உறையும் இருந்தன. உறைக்குள் அத்தனை கோடுகளும், உலர்த்தி, ஒரே பக்கம் பார்த்து அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. உறைமேல் தங்கள் அழகான கையெழுத்தில், "பயணிகள் தவறவிட்ட பொருட்கள். உரியவர் பெற்றுக்கொள்க." வேறு ஒரு வார்த்தை இல்லை. நான்கு பக்கம் திட்டி எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன். மீதித் துண்டுகளைத் தாங்கள் எங்கோ கொண்டுபோய்ப் பூட்டிவிட்டதாகவும், விருந்துக்கு நான் வர வேண்டாம் என்று சொன்னதாகவும் மறுநாள் மகள் சொன்னாள்.

இப்போது நல்ல செய்திக்கு வருகிறேன். தாக்கின் கடைக்கே போய், எழுத்து வராமல் நகரமாட்டேன் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வாடிக்கையாளர் எவர் வந்தாலும், "இங்க வாங்காதீங்க, பாதி எழுத்துதான் வரும்" என்று நல்லபடியாகச் சொல்லி அனுப்பினேன். கடைசியில் மனிதர் வாயைத் திறந்தார். இன்னொரு முறை இருக்கிறதாம். அதில் சேர்த்து முடித்த எழுத்துக்கு நம்பர் இல்லை. பெட்டிக்கு, கோட்டுக்கு, வட்டத்துக்கு என்று பகுதிகளுக்கே நம்பர். நாம் கையால் சேர்ப்பதுபோல அது உள்ளே சேர்த்துக்கொள்ளும், எந்தப் பெயரும் வரும். "அத ஏன்யா மொதல்லயே சொல்லல?" என்றால், "உங்க வெட்டு மெஷினுக்கு அந்தக் கணக்கு புரியாது, முதலாளி" என்றார். நான் நம்பவில்லை, அனுப்பிப் பார் என்றேன். வெட்டு மெஷின் அந்த நம்பர்களைத் தன் அலமாரியில் தேடி, கைக்குக் கிடைத்த சீன எழுத்துகளை வெட்டிக் கொடுத்தது. எனக்குப் படிக்கத் தெரியாது. நல்ல வார்த்தையாக இருந்தாலும் இருக்கும் என்று நாட்டு மருந்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வடிகால், ஆட்டுக்கிடா. இது என்ன மருந்துச் சீட்டு? யாருக்காவது மூல வியாதியா?" என்று கேட்டார்.

ஆனால் அந்த அவமானத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. துண்டில் கரடிக்குட்டி போடுகிறேனே, கரடிக்கு எந்தப் பெரியவர் நம்பர் கொடுத்தார்? அதைப் படம் என்று சொல்லித்தானே மெஷினுக்குக் கொடுக்கிறேன்? தாக்கின் கம்ப்யூட்டரில் பெயரைச் சேர்த்து, காகிதத்தில் பெரிதாக எடுத்து, அந்தக் காகிதத்தைப் படமாக உள்ளே கொடுத்தோம். வெட்டு மெஷின் ஒரு முனகல் முனகாமல் வெட்டித் தள்ளியது. எழுத்து என்று கேட்டால் தெரியாது என்கிறது, படம் என்று கொடுத்தால் உடனே செய்கிறது! தான் வெட்டுவது ஒரு பெயர் என்று அதற்கு இன்றுவரை தெரியாது. கரடிக்குப் பக்கத்தில் ஏதோ பெட்டியும் குச்சியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நினைத்துக்கொள்ளட்டும்.

புதுத் துண்டுகள் தயார். இம்முறை வீட்டுக்காரி என்னை நம்பவில்லை. ஒன்றை எடுத்து மூன்று முறை துவைத்தாள், வெள்ளைத் துணி வேக வைக்கும் பானையில் போட்டுக் கொதிக்கவும் வைத்தாள். கரடிக்கு ஒரு காது போயிற்று. கோடு நிற்கிறது.

ஆகவே ஐயா, இரண்டு வேண்டுகோள். முதலாவது, அந்தப் பழைய துண்டுகளை ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் எரித்துவிடுங்கள். என் பேத்தியின் பாதிப் பெயரில் எவரும் முகம் துடைக்கக் கூடாது. இரண்டாவது, ஞாயிற்றுக்கிழமை நான் புதுத் துண்டுகளோடு வருவதற்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். முன்வரிசை வேண்டாம். சிவப்புப் பயறு பூசிய சோளக் கொழுக்கட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கமாக நிற்கிறேன், அங்கிருந்தும் கழுத்தை நீட்டலாம். பியோ, மான், சிக் என்று என் பெயர் எழுத்து மூன்றும் அலமாரியில் இருக்கின்றன, அடித்துப் பார்த்தேன். அதற்காக நான் செய்த ஒரே காரியம் பிறந்ததுதான். அந்தத் திமிரில் தங்களுக்குப் பெயர் லிஸ்ட் அனுப்பக் கிளம்பியவனை மன்னிக்க வேண்டும்.

தங்கள் முழங்கால் வலி முழுதும் நீங்கட்டும். தங்கள் வீட்டுக் கிம்ச்சி ஜாடிகள் வசந்தம்வரை புளிக்காமல் இருக்கட்டும். சம்பந்தி அம்மாளுக்கு என் பணிவான வணக்கம், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் ஆசிகள். ஸொல்மிக்கு, பெட்டியும் இரண்டு கோடுகளும் சேர்ந்த முழுப் பெயரோடு, தாத்தாவின் முத்தம்.

இப்படிக்கு,
தலையை இன்னும் நிமிர்த்தாத,
பியோ மான்சிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு நாக்கை நீட்டிய நேரத்தில் போன் அடித்தது. கியோங்நான்தான்.

"அப்பா, மாமா துண்டையெல்லாம் எங்க பூட்டி வெச்சாருன்னு தெரிஞ்சுபோச்சு. பின்கட்டுக் கொட்டகையில. ஸ்டேஷன் பலகைக்கு எழுதுவாரே, அந்தக் கறுப்புப் பெயின்ட்டு, ஒரு சின்ன பிரஷ்ஷு, ஸ்கேலு. தினமும் சாப்பிட்டதும் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு, ஒவ்வொரு துண்டுலயும் கோடு போட்டுட்டு இருந்திருக்கார்! அத்தனையும் முடிச்சு, இன்னைக்குத் தெரு பூரா குடுத்தாச்சு."

"என்னைத் திட்டிக்கிட்டே குடுத்தாரா?"

"'எங்க சம்பந்தி தேகுவுல போட்டுக் குடுத்தது, நாட்டுலயே அவர்கிட்ட மட்டும்தான் இந்த மெஷின் இருக்கு'ன்னு சொல்லிச் சொல்லிக் குடுத்தார். ஞாயித்துக்கிழமை நீங்க எந்த வண்டிக்கு வர்றீங்கன்னு கேக்கச் சொன்னார். ஸ்டேஷனுக்கே வர்றாராம். ஆனா லேட்டா வந்தா பேச மாட்டாராம்."

ஐயா, இதை ஒரு வரி முன்னமே சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை காகிதம் மிச்சம். எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை, அனுப்புகிறேன். ஆன்தோங்காரர்களைப் பற்றி எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் படிக்காமல் தாண்டிவிடுங்கள். பழைய துண்டுகளை எரிக்கச் சொன்னதையும் மறந்துவிடுங்கள். தெருவில் எவராவது எரித்தால் நானே வந்து சண்டை போடுவேன். காலை முதல் வண்டிக்கு வருகிறேன். தாங்கள் போட்ட பெயின்ட் துவைப்பில் நிற்கிறதா என்று பார்த்து வையுங்கள். நின்றால் எங்கே வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள், மெஷினைத் தாக்கின் தலையிலேயே திருப்பிக் கட்டிவிடுகிறேன்.

ஒரே ஒரு சிக்கல். இப்போது ஒரு பேத்திக்கு இரண்டு பங்கு துண்டு இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை, வெள்ளைத் துண்டு எப்படியும் செலவாகும். ஆனால் தாங்கள் திருப்பி அனுப்பிய உறை அத்தனை கோடுகளோடும் அப்படியே மேஜையில் இருக்கிறது. எனவே மாப்பிள்ளையிடம் தாங்களே பக்குவமாகச் சொல்ல வேண்டும்: அடுத்தது பேரனோ பேத்தியோ, தாங்கள் எந்தப் பழைய சொல்லைத் தேடி எடுத்தாலும் சரி, பெயரில் எங்காவது ஒரு நின்ற கோடு வரட்டும். என்னிடம் கைவசம் நிறைய இருக்கிறது.